டீ வந்துச்சான்னு பாருங்க

மார்ச் 4, செவ்வாய்

இன்று என்னிடம் கார் ஓட்டப் பழக வந்த வங்கிக்காரர் மின்கம்பத்தைப் பார்த்தபடியே அதை நோக்கி ஓட்டினார். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். "மேடம், நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்கிறார். பார்த்துக்கொண்டே மோதுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

வரும் ஞாயிறன்று பிரார்த்தனைக் கூடத்தின் குழுக் கூட்டம். நான் உறுப்பினர், அண்ணன் செயலாளர். தேர்தலில் நிற்கும் சிமெண்ட் கடைக்காரர் ஜெயித்தால் கூடத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தருவாராம். பதிலுக்கு, அவருக்கு ஓட்டுப் போடுவதே கடவுளின் விருப்பம் என்று பிரார்த்தனை முடிவில் நாங்கள் அறிவிக்க வேண்டும். அண்ணன் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், என் ஓட்டும் அவருக்குத்தான். எதிரே நிற்பவர் அவரைவிட மோசம். ஆனால் அது நானாக யோசித்து எடுத்த முடிவு. அதைக் கடவுளின் முடிவு என்று சொல்ல அண்ணன் யார்?

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் குழுவில் எதுவும் ஒருமனதாகத்தான் நிறைவேற வேண்டும். விதி அது. அந்த ஒருமனம் எப்படி வருகிறது என்பது தனிக்கதை. யாராவது முகம் சுளித்தால் தலைவர் அன்பாகச் சொல்வார்: "டீ வந்துச்சான்னு கொஞ்சம் பாருங்க." முகம் சுளித்தவர் வெளியே போவார். உள்ளே கைகள் உயரும். அவர் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இன்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு டீ வேண்டாங்க. இந்த அறிவிப்பும் வேண்டாம். நான் இங்கயே இருக்கேன்."

நாற்காலியை மேசைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கூட்டத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 11

காலையில் வண்டி பழக ஒருவரும் வரவில்லை. நான் கூப்பிட்டால் போனும் எடுக்கவில்லை. கூட்டத்தில் நடந்தது ஊருக்குள் பரவிவிட்டது போல. சரி, வண்டியைக் கழுவினேன்.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் வந்தான். உட்காரவில்லை.

"அஞ்சு நிமிஷம் வெளிய போய் நில்லு. நீ ஒத்துக்கிட்டதாவும் ஆகாது, எதிர்த்ததாவும் ஆகாது."

"அப்ப நான் என்ன ஆவேன்ணா?"

"ஊரோட ஒத்து வாழத் தெரியணும்டி. பிடிக்கலன்னா வேற கூடம் பாத்துக்க. அங்கயே உக்காந்து மல்லுக்கு நிப்பேன்னா, என் வீட்டுப் படி ஏறாதே."

போய்விட்டான். அழுதேன். பொய் சொல்வானேன், நன்றாகவே அழுதேன். நான் சைக்கிள் பழகியபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தவன் அவன்.

வேற கூடமாம். நான் எதுக்குப் போகணும்? மழை பெய்தால் என் தலையில்தான் ஒழுகுகிறது, மூன்றாவது வரிசையில். ஒழுகினாலும் அது என் இடம். அங்கே கும்பிடுகிற கடவுள் என் கடவுள். வேண்டாம் என்று சொல்பவள் வெளியாள் ஆகிவிடுவாளா? எனக்கு ஒட்டுறவே இல்லையென்றால் இத்தனை கோபம் ஏன் வரப்போகிறது?

போக மாட்டேன். வாயையும் மூட மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

தலைவர் மறுபடியும் டீயைப் பற்றிக் கேட்டார். நான் அசையவில்லை. உடனே குழுவில் இருக்கும் மருந்துக் கடைக்காரரைப் பார்த்து, "நீங்களாவது இவங்களுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார். அவரோ கழுவுற மீனில் நழுவுற மீன். தொண்டையைச் செருமினார்.

"டீ வந்துச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று அவராகவே எழுந்து போய்விட்டார்.

போச்சு, இனி நான் தனி என்று நினைத்தேன். அண்ணன் கையைத் தூக்கத் தயாராக இருந்தான்.

மனுஷன் தட்டு நிறைய டீயோடு திரும்பி வந்தார். எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்தார்.

"டீ வந்துடுச்சுங்க. இனிமே யாரும் வெளிய போக வேண்டியதில்ல." உட்கார்ந்தார். "எனக்கும் இதுல சம்மதமில்ல."

டீயில் சர்க்கரையே இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அறிவிப்பு கிடையாது.

ஏப்ரல் 6

ஓட்டுப் போட்டேன். வெளியே அண்ணி பிடித்துக்கொண்டாள். யாருக்குப் போட்டேன் என்று சொன்னேன்.

"அடிப்பாவி! அவருக்கேவா? அப்புறம் எதுக்கு இத்தனை கூத்து?"

"நானா போட்டேன்ல அண்ணி. அதுக்குத்தான்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் வாசலில் எங்களைப் பார்க்காமல் நின்றான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சிமெண்ட் கடைக்காரர் ஜெயித்துவிட்டார். கூரைதான் வரவில்லை. அறிவிக்காவிட்டாலும் ஜெயித்தாரே என்று அதைக் கேட்கப் போன அண்ணனை வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பினாராம். அண்ணி போனில் சொன்னாள்.

இன்று குழுவில் தலைவர், சிமெண்ட் கடைக்காரருக்குக் கூடத்தில் பாராட்டு விழா வைக்கலாம் என்றார்.

"வேண்டாம். அந்த ஆளு நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றான் அண்ணன்.

தலைவருக்குப் பழக்கம் விடவில்லை. "செயலாளர், டீ வந்துச்சான்னு கொஞ்சம்..."

அண்ணன் முகம் சிவந்தது. நாற்காலியின் கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டான்.

எனக்கு அவன் சொன்னதில் உடன்பாடில்லை. அந்த ஆள் வரட்டும், ஒழுகுகிற இடத்தில் உட்காரவைத்தே கூரையைக் கேட்கலாம் என்பது என் கட்சி. அதையும் சொன்னேன்.

"ஆனா அண்ணன் பேசி முடிக்கட்டுங்க. டீ தானா வரும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.