வேலுத்தாய் கலக்கிய நீலத் தண்ணீர்

சாதாரண வருஷம், ஆவணி 4

வால்வெள்ளி வானத்தில் நின்ற வருஷம் இது. லண்டன் ராசா செத்துப் போனார் என்று போடியில் தமுக்கடித்ததும் இதே வருஷம்தான். பின்னால் யாராவது கேட்டால் வருஷம் தப்பக்கூடாது என்று முதலில் இதைச் சொல்லி வைக்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. எதிர்வீட்டுப் பேச்சிமுத்து ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதியவன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். "இந்த வயசுல என்னத்துக்குண்ணே இது?" என்றான். நாளைக்கு ஊர் கூடிப் பேசும்போது எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று காட்ட வேண்டும் அல்லவா? என் ஞாபகம் எனக்குப் போதும். ஊருக்குப் போதாது.

ஆடியில் என் மகன் ஜக்கையன் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டு வேலைக்கு ஏறினான். கூடவே சின்னச்சாமி, பால்பாண்டி, கண்ணுச்சாமி. நாலு பேரும் காய்ச்சலோடு இறங்கினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் எடுக்கிறது. எடுத்தால் கட்டிலே நடுங்குகிறது. அது மலைக்காய்ச்சல். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் சந்தேகம் வேறு. மருமகள் வேலுத்தாய் விளக்கு வைப்பதற்கு முன்னால் தனியாகக் கொல்லைக்குப் போகிறாள். முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போகிறாள். என்ன அது?

ஆவணி 5

வேலியில் சங்குப்பூ குறைந்துகொண்டே வருகிறது. சாமி மாடத்தில் ஒரு பூவைக் காணோம். அப்படியானால் எங்கே போகிறது?

ஆவணி 7

இன்றைக்குப் பார்த்துவிட்டேன்.

மாட்டுக்கொட்டத்துத் தட்டியில் ஒரு கிழிசல். அதில் கண்ணை வைத்து நின்றேன். நீலச் சங்குப்பூவைக் காம்பு கிள்ளிச் சுடுதண்ணீரில் போட்டாள். தண்ணீர் மை மாதிரி ஆனது. வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு சதுரப் புட்டியை எடுத்தாள். கண்ணாடித் தம்ளரில் அதிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். அது பச்சைத் தண்ணி மாதிரிதான் இருந்தது, ஆனால் வாடை தட்டியைத் தாண்டி எனக்கு வந்தது. காகிதத்தைப் பிரித்து ஒரு வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்கினாள். சீனி போட்டாள். ஓர் ஏலக்காயை நசுக்கிப் போட்டாள். அதன் மேல் நீலத் தண்ணீரை ஊற்றினாள்.

ஓசைப்படாமல் பின்னால் போனேன். தம்ளரை மகனிடம் கொண்டுபோய், அவன் கண் முன்னால் அரை மூடி எலுமிச்சை பிழிந்தாள். நீலம் போய் ஊதா. ஊதா போய் ரோசாப்பூ நிறம்! என் மகன் வாயைப் பிளந்து பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்தான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறுகிற தண்ணி எங்கேயாவது உண்டா? மருந்து வைத்துவிட்டாள். புருசனை முந்தானையில் முடிந்து வைக்கிற மருந்து. என் அண்ணன் ராக்கையாவுக்கு இப்படித்தான் வைத்தார்கள் என்று ஊரே சொன்னது. தாது வருஷப் பஞ்சத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், மாசி மாதம். இளைத்து இளைத்துப் போனான் அவன்.

ஆவணி 8

ஜக்கையனைக் கேட்டேன். "என்னடா குடிச்சே நேத்து?"

"ஒண்ணுமில்லய்யா."

ஒண்ணுமில்லையாம். பொண்டாட்டி பேச்சைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறாது இனி. இன்றைக்கு முறைப்படி குளிர் வர வேண்டிய நாள், வரவில்லை. முகம் தெளிந்திருக்கிறது. மருந்து வைத்தால் முதலில் முகம் தெளியும். அப்புறம்தான் உருக்கும்.

பேச்சிமுத்து பேனாவை வைத்துவிட்டுச் சொல்கிறான்: "அண்ணே, அது கொயினாவா இருக்கும். தபாலாபீசுல பொட்டலம் போட்டு விக்கிறாக. மலைக்காய்ச்சலுக்கு அதான்."

"நீ பாத்தியா? அவ உனக்கு என்ன குடுத்தா, இப்படிப் பேச?"

"நல்லாயிருக்கே! ஒரு சங்குப்பூ குடுத்தா, காதுல சொருகிக்கிட்டேன்."

சிரிக்கிறான். இதையும் எழுது என்றேன். எழுதினானா என்று படிக்கச் சொல்லிக் கேட்டேன். எழுதியிருக்கிறான்.

ஆவணி 10

கையும் புட்டியுமாகப் பிடித்துவிட்டேன்.

"என்ன இது?"

"ஜின்னு மாமா. எங்க ஆத்தா துரை பங்களாவுல ஆயாவா இருக்குல்ல, அங்க குடுத்தது."

"சாராயம்!"

"கொயினாவைக் கரைக்க மாமா. தண்ணியில கரையமாட்டேங்குது. கசப்புல ரெண்டு தடவ குடலைப் புடுங்கி வாந்தி எடுத்துட்டாரு. வெள்ளையாக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நிறம் மாறுறதை வேடிக்கை பாத்துக்கிட்டே குடிச்சிருவாருன்னு பூ போட்டேன்."

"அது எந்தத் துரை சொன்னான்?"

"துரை வெறுமனே குடிப்பாக. பூ என் யோசனை."

"அப்புறம் ஏன் ஒளிச்சே?"

"சாராய வாடை பட்டா நீங்க சட்டியோட தூக்கி வெளிய எறிவீகன்னு."

எறிந்திருப்பேன், அது நிசம். ஆனால் பதில் எவ்வளவு வெரசா வருகிறது பார். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வந்தால், முன்னாலேயே யோசித்து வைத்தது என்று அர்த்தம்.

புட்டியையும் பொடியையும் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஊர் கூடினால் சாட்சி வேண்டும். அவளைக் கொட்டத்தில் படுக்கச் சொன்னேன். மகன் பக்கம் வரக்கூடாது. மருந்து வைத்துவிட்டாள், முதலில் முகம் தெளியும், அப்புறம் உருக்கும் என்று கிணற்றடியில் நாலு பேரிடம் சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா?

ஆவணி 12

குளிர் திரும்பிவிட்டது. மூன்று கம்பளி போட்டும் பல் அடிக்கிறது. "வேலு, வேலு" என்கிறான். பார், எப்படி ஏங்க வைத்திருக்கிறாள்.

ஆவணி 13

மருந்தெடுக்கிற மலைச்சாமியைப் பொட்டிபுரத்திலிருந்து கூட்டி வந்தேன். வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, வைத்த மருந்தைக் கட்டியாகத் துப்பிக் காட்டுவார். தெரு முழுக்க என் வாசலில். வேலுத்தாய் கொட்டத்து நிலைப்படியில் நின்றாள். அழவில்லை. அழாதவளைப் பார்த்தால் எனக்கு இன்னும் சந்தேகம்.

மலைச்சாமி குழலைக் கையில் எடுத்தார். வாயில் வெற்றிலை. இடது கன்னம் மட்டும் உப்பியிருந்தது. வெற்றிலையை வலது பக்கம் மென்றுகொண்டிருந்தார். அப்படியானால் இடது பக்கம் என்ன?

என் அண்ணனுக்கு எடுத்தவரும் வெற்றிலையோடுதான் வந்தார். அவருக்கும் கன்னம் உப்பியிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தக் கன்னம் இப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

"சாமி, வெத்தலையத் துப்பிட்டு வாயைக் கொப்பளிங்க" என்றேன்.

"என்னய்யா, என்னையே சந்தேகப்படுறியா?"

"நான் எல்லாத்தையும் சந்தேகப்படுவேன் சாமி. கோவிச்சுக்காம வாயைத் தொறங்க."

திறக்கவில்லை. கூட்டத்தில் நின்ற ஜக்கையனின் மாமன் மகன் ஒருத்தன் சாமியின் தாடையைப் பிடித்தான். விழுந்தது: மயிரும் மெழுகும் சேர்த்து உருட்டின கட்டி. என் மகன் வயிற்றில் குழல் படவே இல்லை, அதற்குள் மருந்து வந்துவிட்டது!

அவரை அனுப்பிவிட்டேன். அப்படியானால் அண்ணனுக்கு எடுத்தது? அண்ணனும் மலைக்குப் போய்த்தானே வந்தான்?

அதுக்காக இவ வைக்கலைன்னு ஆகிருமா? ஆகாது. ஆகுமா?

ஆவணி 14

பால்பாண்டி போய்விட்டான். காலையில் எடுத்தார்கள்.

பேச்சிமுத்துவிடம், ஊர்க்கூட்டத்துக்கு ஒரு பிராது எழுது என்றேன். "எழுத மாட்டேன்" என்றான். "பால்பாண்டிக்கு யாருண்ணே மருந்து வச்சா? அவனுக்குப் பொண்டாட்டியே கெடையாதே." கோபத்தில் அவன் தின்கிற சோற்றையும் பிடிக்கிற பேனாவையும் சேர்த்து இழிவாகப் பேசிவிட்டேன். இந்த வரிதான் கடைசி, இதை எழுதிவிட்டு எழுந்து போகிறேன் என்கிறான். போகட்டும்.

ஆவணி 17

எழுத ஆளில்லாமல் கிடந்தது. இந்தத் தெருவில் எழுத்துத் தெரிந்த இன்னொரு ஆள் வேலுத்தாய்தான். பங்களாப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது எழுதுவது அவள்.

முன்னால் எழுதியிருப்பதைப் படிக்காதே என்றேன்.

"படிச்சாச்சு மாமா" என்றாள். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஜக்கையனுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. என்னைப் பார்த்து "யாரு?" என்றான். நான் பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்தேன். கொட்டத்துக்குப் போனேன். அவள் எழுந்து வந்து கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"நீ தொடக்கூடாது. நான் கலக்குறேன். நீ சொல்லு."

"சரி மாமா. நான் வாசப்படிக்கு வெளியவே நிக்கிறேன்."

பூவை நானே பறித்தேன். எந்தப் பூ என்று நானே பார்த்துப் பறித்தேன். தண்ணீர் நான் கிணற்றில் இறைத்தது. அடுப்பு நான் மூட்டியது. தபாலாபீசுக்கு நானே நடந்து புதுப் பொட்டலம் வாங்கி வந்திருந்தேன், அவள் பொட்டலத்தை நம்பாமல்.

"பூவை அவிக்காதீக. சுடுதண்ணிய ஊத்தி மூடி வைங்க. போதும்."

வைத்தேன். நீலம் இறங்கியது.

"ஜின்னு ரெண்டு விரக்கடை. உங்க விரலு இல்ல மாமா, என் விரலு. உங்க விரலுன்னா அவரு எந்திரிச்சு ஆடிருவாரு."

இந்த நேரத்திலும் இவளுக்கு ஒரு பேச்சு. பொடியைக் கொட்டிக் கலக்கினேன். கரைந்தது. சீனி. ஏலக்காய். ஊறின பூவை வடிகட்டி நீலத்தை மேலே ஊற்றினேன். தம்ளர் முழுக்கச் சாயங்கால மலை மாதிரி நின்றது.

"இப்போ எலுமிச்சை. அவரு பாக்குற மாதிரி பிழியுங்க."

பிழிந்தேன். என் கையில் நான் பறித்த எலுமிச்சை. ஊதா ஆனது. ரோசா ஆனது. நான் ஒன்றும் வைக்கவில்லையே! யார் வைத்தது? என் விரலைப் பார்த்தேன். வாசற்படியைப் பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு எட்டியே நின்றாள்.

முதலில் நான் ஒரு வாய் குடித்தேன். தித்திப்புக்குப் பின்னால் வேப்பம்பட்டைக் கசப்பு. காது அடைத்தது. அரை நாழிகை திண்டாட்டமாக உட்கார்ந்திருந்தேன், சாகிறேனா என்று பார்க்க. சாகவில்லை. அப்புறம்தான் மகனுக்குக் கொடுத்தேன். நிறத்தைப் பார்த்தான். "வேலு எங்க?" என்றான். குடித்தான்.

இதை எழுதும்போது அவள் கை நின்றது. எழுது என்றேன்.

ஆவணி 21

குளிர் வரவில்லை. ரசச்சோறு கேட்டான்.

ஆவணி 23

வீட்டுக்குள் வந்து படு என்று அவளிடம் சொன்னேன். "கொட்டத்துல மாடு என்னைய ஒண்ணும் கேக்குறதில்ல மாமா" என்றாள். ஆனால் வந்துவிட்டாள். தம்ளரை இப்போது அவளே கலக்குகிறாள். நான் தட்டியில் கண் வைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன்.

புரட்டாசி 9

ஜின் தீர்ந்தது. எலுமிச்சைச் சாற்றிலேயே பொடியைக் கரைக்கிறாள், மெதுவாகக் கரைகிறது. ஜக்கையன் எழுந்து கிணறு வரை நடந்தான். பேச்சிமுத்து வந்து பார்த்தான். என்னோடு பேசவில்லை, அவனோடு பேசினான்.

நேற்றுச் சின்னச்சாமி போய்விட்டான். அவனுக்குக் காய்ச்சல் முற்றியதே எனக்குத் தெரியாது. ஏன் யாரும் எங்களிடம் வந்து சொல்லவில்லை?

புரட்டாசி 12

ஏன் என்று இன்றைக்குத் தெரிந்தது.

கண்ணுச்சாமிக்கு முடியவில்லை என்று கேட்டு, வேலுத்தாய் தம்ளரை மூடி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் ஆத்தா மூக்கம்மாள் கதவைத் திறக்கவில்லை. "மருந்து வச்ச கை என் படி ஏறக்கூடாது. உன் மாமனாரே கெணத்தடியில சொன்னாரு" என்றாளாம்.

நான் எழுந்து போனேன். "மூக்கம்மா, அன்னைக்கு நான் தெரியாமச் சொன்னது. இந்தா பாரு, நானே குடிக்கிறேன்." அவள் வாசலில் நின்று, அவள் பார்க்க, பாதித் தம்ளரைக் குடித்தேன்.

சன்னல் வழியாக என்னையே பார்த்தாள். "அய்யோ சோணையண்ணே" என்றாள், "உங்களுக்கும் வச்சுட்டாளா?"

எவ்வளவோ சொன்னேன். மலைச்சாமி வாயிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். என் மகன் சோறு தின்பதைச் சொன்னேன். "மொதல்ல முகம் தெளியும்ணே. நீங்கதான சொன்னீக" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். மீதித் தம்ளரோடு திரும்பி வந்தோம்.

புரட்டாசி 13

திரும்பப் போனேன். திறக்கவில்லை.

புரட்டாசி 16

காலையில் சங்குச் சத்தம் கேட்டது. கண்ணுச்சாமி வீட்டுத் தெருவிலிருந்து. வேலுத்தாய் பூப்பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். கடைசியில் நின்றேன். மூக்கம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கிணற்றடியில் நான் சொன்னதைக் கேட்ட நாலு பேரும் அங்கே நின்றார்கள்.

வேலுத்தாயிடம் இதை எழுதச் சொன்னேன். "உங்க பேரு வேண்டாமே மாமா" என்கிறாள். வேண்டும். அந்தப் பேச்சை ஊருக்குள் விட்டது சோணை. அதை எழுது.

ஆடியில் மலையேறிய நாலு பேரில் இப்போது உயிரோடு இருப்பது ஜக்கையன் ஒருத்தன்தான்.