லாக் ஆகிவிட்டது

9 செப்டம்பர் 1987, புதன்

இன்று கல்லூரி லேபில் லேசர் நாள் முழுக்க அசையவில்லை. ரூபிடியம் அணு ஏற்கும் நிறத்தைவிட்டு லேசர் இம்மியும் விலகாமல் நிற்பதைத்தான் லாக் என்போம். அது நின்றால்தான் நாங்கள் செய்துகொண்டிருக்கும் அணுக் கடிகாரம் ஓடும். இதுவரை மதியம் மில் சங்கு ஊதினாலே கண்ணாடி அதிர்ந்து லாக் போய்விடும். நேற்று கண்ணாடிக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். இன்று மதியம் தாண்டியும் லாக் போகவில்லை. டியூப்தான் காப்பாற்றியது என்று ஒரே துள்ளல் எனக்கு.

அதே வேகத்தில் முத்தியால்பேட்டை வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம், "லாக் ஆயிடுச்சுண்ணே!" என்றேன். மில்லில் இருக்க வேண்டியவர் அந்த நேரத்தில் ஏன் வீட்டில் இருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கும் தெரிஞ்சுபோச்சா? காலையில ஷிப்டுக்குப் போனா கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கானுங்க. லாக்-அவுட்டாம். எப்ப தொறப்பானுங்கன்னு யாருக்கும் தெரியல."

"அத ஏன் சிரிச்சிக்கினு சொல்ற?" என்று அண்ணி கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. இன்று சங்கே ஊதவில்லை. டியூபுக்கு வேலையே வரவில்லை.

அண்ணன் தினமும் சங்கு கேட்டுத்தான் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வார். சாப்பிட்ட பிறகு அதற்குச் சாவி கொடுத்தபடி கேட்டார்: "இப்ப மணி சரியா இன்னாம்மா?"

அணுக் கடிகாரம் செய்கிற நான், மணி கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.