இரானியும் பில்டரும்

மெட்டுகுடா, செகந்திராபாத்
நவம்பர் 14, வெள்ளி

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் நம் பாப்பா பிளெசியும் நல்ல சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாகத்தான் போனில் சொல்கிறீர்கள். வீடியோவில் உங்கள் கன்னத்தைப் பார்த்தால் அது பொய் என்று தெரிகிறது.

தினமும் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்காகத் தபாலில் எழுதுகிறாள் என்று குழம்ப வேண்டாம். நீங்கள் அந்த பிராசஸர் கம்பெனியில் சேர்ந்து அமெரிக்கா போனபோது, லேப்டாப் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நான் ஒரு நிபந்தனை போட்டேனே, போனில் சிப் பேச்சே கூடாது என்று. இரண்டு ஆபீஸுக்கும் அதில் நிம்மதி. இப்போது சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் அறிக்கை திங்கட்கிழமை வெளிவருகிறது. தபால் அதற்கு முன்னால் உங்களை எட்டாது. ஆகவே இதை நீங்கள் படிக்கும்போது ஊருக்கே தெரிந்திருக்கும். நான் எந்த விதியையும் மீறவில்லை.

இந்த வருடத்தின் இரண்டு உயர்ரக பிராசஸர்களை ஒப்பிடும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் கூடத்து ரஞ்சன் வழக்கம்போல இரண்டு லேப்டாப்பிலும் கம்பெனிப் பெயர், முத்திரை எல்லாவற்றையும் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து, திரையில் பெயர் வரும் இடத்தையும் மாற்றிக் கொடுத்தான். எது யாருடையது என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. பெயர் மட்டும் நாம் வைத்துக்கொள்ளலாம். நான் ஒன்றுக்கு இரானி என்றும் மற்றதற்கு பில்டர் என்றும் வைத்தேன். நம் வீட்டில் நீங்கள் இரானி சாய், நான் பில்டர் காபி, அந்த நினைப்பில்தான்.

பிளக்கில் மாட்டி ஓட்டியபோது இரானிதான் கில்லாடி. வீடியோ வேலை, கனமான கணக்கு, எதைக் கொடுத்தாலும் பில்டருக்கு முன்னால் முடித்துவிட்டு நின்றது. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. வயரைப் பிடுங்கியதும் சாயம் வெளுத்தது. பேட்டரியில் இரானியின் வேகம் பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. பில்டருக்கு வயர் இருந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. ஒரு சார்ஜில் யார் அதிக வேலை முடிக்கிறார் என்று பார்த்தால் இரானி பக்கத்தில்கூட வரவில்லை. விசிறிச் சத்தம் வேறு.

மேஜைச் சோதனை முடிந்ததும் ஒவ்வொரு லேப்டாப்பும் ஒரு வாரம் சோதிப்பவர் வீட்டில் புழங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இரானி வந்த வாரம் நம் சபையின் அறுப்பின் பண்டிகை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக, காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலத்தை நேரலையில் காட்டும் பொறுப்பு என் தலையில். வேப்பமரத்தடியில் பிளக் ஏது? லாலாகுடா ரூஃபஸ் அண்ணன், உங்களுக்குத்தான் தெரியுமே, போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து வந்த பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு தரம், இரண்டு தரம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது படம் அப்படியே நின்று, கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பே அணைந்துவிட்டது. அன்று சாயங்காலம் போன் செய்து, அங்கே நல்ல மழையோ, பின்னால் சோவென்று சத்தம் கேட்டதே என்று விசாரித்தீர்கள். நானும் ஏதோ சொல்லி மழுப்பினேன். அத்தான், அன்று செகந்திராபாத்தில் சுள்ளென்று வெயில். நீங்கள் கேட்டது உங்கள் சொந்த சிப்பின் விசிறிச் சத்தம்.

ஆமாம், இரானி உங்களுடையதுதான். அப்போது எனக்கும் தெரியாது. அடுத்த வாரம் மின்செலவு வரைபடத்தை உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. கொடுத்த வேலை முடிந்ததும் பில்டர் சட்டென்று இறங்கித் தூங்கிவிடுகிறது. இரானி இறங்குவதில்லை. அடுத்த வேலை எந்நேரமும் வரும் என்று உச்சியிலேயே கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்குகிறது. ஒவ்வொரு சின்ன வேலைக்கும் இதே கதை. பேட்டரி அங்கேதான் போகிறது. வேலை வருவதற்கு முன்னாலேயே தயாராக நிற்கும் சிப் ஒன்று செய்ய வேண்டும் என்று நம் மொட்டைமாடியில் கையை ஆட்டி ஆட்டி எனக்கு விளக்கியது நீங்கள்தானே. கல்யாணமான புதிதில், வற்றல் காயப்போட்ட பாயின் பக்கத்தில். எத்தனை ஸ்டிக்கர் ஒட்டினாலும் என் புருஷன் கைவேலை எனக்குத் தெரியாமல் போகுமா?

தெரிந்த அந்த நிமிடமே எங்கள் தலைவர் சுந்தரேசன் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் இரண்டு லேப்டாப்பையும் என்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீலேகாவிடம் கொடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொன்னார். அவளுக்கும் அதே முடிவுதான் வந்தது. வேண்டுமானால் என் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம், வீட்டில் சங்கடம் வேண்டாமே என்றார் சார். அறிக்கையை நானே எழுதுகிறேன், ஸ்ரீலேகா பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கட்டும், நான் அளந்தது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி எதை எழுதினாலும் உங்கள் முகத்துக்கு நேரே எழுதுகிறவள் நான்.

அறிக்கையை எழுதும்போது நம் வீட்டை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். இந்த சிப் முதலிடம் வந்தால் ஹைதராபாத் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வருவேன், இல்லாவிட்டால் அடுத்த சிப் ஜெயிக்கும்வரை அங்கேதான் என்று போன கிறிஸ்துமஸில் சொல்லிவிட்டுப் போனீர்கள். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பில்டருக்கு முதலிடம் போட்டேன். நான்கைந்து எண்களைத் தள்ளிவைத்து, பிளக் சோதனைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்திருந்தால் நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அப்படி வருகிற புருஷன் எனக்கு வேண்டாம். ஆனால் புருஷன் வேண்டும். அதைத்தான் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சிப்பில் அந்தக் காத்திருப்பைக் குறைத்தாலே போதும், பில்டரை எட்டிப் பிடித்துவிடலாம். அறிக்கையிலேயே வரைபடத்தோடு போட்டிருக்கிறேன், உங்கள் ஆட்கள் படிக்கட்டும். அதைச் சரிசெய்ய நீங்கள் அந்தக் குளிரில் உட்கார வேண்டியதில்லை. இங்குள்ள கிளையிலும் மேஜை இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, கேன்டீனில் இரானி சாயும் கிடைக்குமாம். வேலை முடிந்தால் இறங்கி வரத் தெரிய வேண்டும், அத்தான். உங்கள் சிப்புக்கு அது தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை.

பிளெசி எல்.கே.ஜி.யில் எல்லோருக்கும் வாத்தியாராகிவிட்டாள். நான் தமிழில் எது கேட்டாலும், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில் நக்கோ என்கிறாள். சாப்பாடு நக்கோ, தூக்கம் நக்கோ. டாடி வேண்டுமா என்று கேட்டால் மட்டும் நக்கோ வருவதில்லை. போனைக் காட்டி, இந்த டாடியா அந்த டாடியா என்று தெலுங்கில் கேட்கிறாள். அந்த டாடி யாரென்று கேட்டேன். கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

பூசணிக்காயை யார் எடுத்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, நான்தான் எடுத்தேன். தூரத்தில் இருப்பவர் பெயரில் வீட்டார் ஏதாவது ஒன்று ஏலம் எடுப்பது வழக்கமாயிற்றே. கலேப் என்று உங்கள் பெயரை ரூஃபஸ் அண்ணன் அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குள் இரானி அணைந்துவிட்டதால் உங்களுக்குக் கேட்கவில்லை. முழுசாக அப்படியே வைத்திருக்கிறேன். வெட்டாத பூசணி அவ்வளவு சீக்கிரம் கெடாது.

இன்னொரு விஷயம். சோதனை முடிந்த லேப்டாப்பை ஊழியர்களே வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் பில்டருக்கு அடித்துக்கொண்டார்கள். நான் இரானியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். ஸ்ரீலேகா சிரித்தாள். அறிக்கையின் கடைசிப் பத்தியைப் படி என்றேன். எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது, வீட்டில் ஓர் இடத்தில் இருந்தால் இதை மிஞ்ச ஆளில்லை என்று நானேதான் எழுதியிருக்கிறேன். ஜன்னலோர மேஜையில், பிளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

அப்பாவைப் போக்கிலும் வரத்திலும் காத்துக்கொள்ளும் என்று பிளெசியும் நானும் தினமும் ஜெபிக்கிறோம். போக்கில் ஆண்டவர் நன்றாகவே காத்துவிட்டார். வரத்துதான் பாக்கி.

உங்கள் அன்பு மனைவி,
ஆக்னஸ்