உங்கள் தலைமாட்டில் எருக்குப்பை

சண்டை போட நானில்லாமல் அங்கே எப்படிப் பொழுதைக் கழிக்கிறீர்களோ என்று தினமும் நினைத்துக்கொள்கிற என் அன்பு அத்தைக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்ணும் கருத்துமாகக் காத்த எருக்குப்பையை இடம் மாற்றிவிட்டேன். இப்போது அது நம் மேட்டு நிலத்தில், உங்களைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால் உங்கள் தலைமாட்டில். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? உயிரோடு இருந்தபோது அடங்கி நடக்காத மருமகள், செத்த பிறகு மாமியார் தலையில் குப்பையைக் கொட்டிவிட்டாளாம்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்களா, திட்டுகிறீர்களா? அது தெரியாமல்தான் குழம்பிப்போய் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் ஐப்பசியில் புயல் மழை விடாமல் கொட்டியது. குப்பை எங்கே இருந்தது? கிணற்றுக்கு மேல்பக்கம், மாட்டுக்கொட்டகையை ஒட்டி. சாணியை அள்ளினால் நாலு எட்டில் கொட்டிவிடலாம் என்று நீங்கள் பிடிவாதமாக வைத்த இடம். மழையில் அது ஊறி, கஷாயம் மாதிரி கறுப்புத் தண்ணீர் வழிந்து நேராகக் கிணற்றில் இறங்கியது. நம்மோடு பக்கத்து இரண்டு வீடும் குடிக்கிற கிணறு.

சில நாளில் நாற்றம் போய்விட்டது, தண்ணீரும் தெளிந்துவிட்டது. உங்கள் பிள்ளை ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது, சும்மா பயந்துக்கினு இருக்காத" என்றார். உப்புப் போட மறந்த குழம்பையும் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டவர்தானே அவர். அவர் பேச்சை நம்பி நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஆடியில் ஒரு நாள் மாந்தோப்பைப் பார்க்க விவசாய ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோப்பைப் பார்ப்பதற்கு முன்னால் குப்பையையும் கிணற்றையும் மாறிமாறிப் பார்த்தாள். "இக்கட வத்தம்மா, தூரங்கா பெட்டண்டி" என்று தெலுங்கில் சொன்னாள். இங்கே வேண்டாமாம், தள்ளி வைக்கவேண்டுமாம். தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போய் சோதித்துவிட்டு வந்து, நைட்ரேட் அதிகம் என்றாள். எருவில் இருக்கிற சத்துதானாம் அது. பயிருக்குப் போகவேண்டியது கிணற்றுக்குள் போயிருக்கிறது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது, பச்சைக் குழந்தைக்கு ஆகவே ஆகாது என்றாள். காய்ச்சிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். காய்ச்சினாலும் போகாதாம்.

எனக்குத் திக்கென்றது அத்தை. உங்கள் பேத்தி, என் மகள் பவித்ரா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். தை பிறந்ததும் குழந்தை பிறந்துவிடும். அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து அதைத் தூக்கிவிட்டுத்தான் போவேன் என்பீர்கள், அதற்குள் அவசரப்பட்டுவிட்டீர்கள். தாய்ப்பால் பற்றாமல் போனால் பால்மாவு கரைக்க எந்தத் தண்ணீரை எடுப்பேன்? நமக்கு கேன் தண்ணீர் வாங்கலாம். பக்கத்து வீடுகளிலும் கைக்குழந்தை வராமலா போகும்? நம் குப்பையால் கெட்ட தண்ணீர் அது.

எங்கே மாற்றுவது என்றுதான் பெரிய குழப்பம். கீழ் நிலத்தில் வைத்தால் மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் ஏரிக் கால்வாய்க்கு இழுத்துப் போய்விடும். தோப்புப் பக்கம் மணல் மண், அப்படியே உள்ளே இறங்கிவிடும். சுற்றிச் சுற்றி வந்து பார்த்ததில் மேடு ஒன்றுதான் மிஞ்சியது. கிணற்றுக்கு வெகு தூரம், தண்ணீர் தேங்காது, கெட்டிக் களிமண், டிராக்டரும் போகும். ஆனால் அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். அந்த இடத்தைச் சொன்னதே நீங்கள்தான். "நல்ல நெலத்துல என்னப் போட்டு கெடுக்காதீங்க, ஒண்ணும் வெளையாத மேட்டுல போடுங்க" என்றீர்கள். அப்போதே இப்படியாகும் என்று தெரிந்திருந்தால் வேறு இடம் சொல்லியிருப்பீர்களா?

பாகாலாவில் கட்டிக்கொடுத்த உங்கள் மகளுக்கு விஷயம் போய், அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"எங்கம்மா தலமாட்டுல குப்பைய கொட்டப்போறேன்னுட்டு, அதுக்கு வியாக்கியானம் வேற சொல்றியா கோமதி?"

"சாணிய வாசல்ல தெளிக்கிறோம், புள்ளையாரா புடிச்சு வெச்சு கும்புடுறோம். அத்தைக்கு மட்டும் அது அசிங்கமா அண்ணி?"

"வாசல்ல தெளிக்கிறது வேற, எங்கம்மா கிட்ட கொட்றது வேற. அவங்க இருந்திருந்தா இத செய்வியா நீ?"

நீங்கள் இருந்திருந்தால் குப்பையைத் தொடவே விட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் பிள்ளையைப் பார்த்தேன். "ரெண்டு பேர் சொல்றதும் நாயம்தான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அண்ணி ஒரு வாய் சோறு தின்னாமல் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அதன் பிறகு நான் போன் செய்தால் எடுக்கவே இல்லை.

ஆனாலும் இந்தப் புரட்டாசி முடிவதற்குள் வேலையை முடித்தேன். அடியில் களிமண் கெட்டித்து, மேலே கடப்பாக்கல் பாவி, சுற்றிலும் இடுப்பளவு சுவர் வைத்து, எருவின் மேல் மண் பூசி, தென்னை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடியிருக்கிறேன். நிலத்தில் எரு போடுகிற முறையையும் மாற்றிவிட்டேன். நீங்கள் சித்திரையிலேயே நிலம் முழுக்கக் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டு மழைக்குக் காத்திருப்பீர்களே, அது இப்போது இல்லை. இறைக்கிற அன்றைக்கே உழுது மண்ணோடு புரட்டிவிடுகிறோம். கால்வாய் ஓரத்தில் கொஞ்சம் நிலத்தை எருவே போடாமல் விடுகிறோம். கால்வாய்க் கரை வரைக்கும் ஒரு முழம் விடாமல் இறைத்தவர் நீங்கள், இதைக் கேட்டுப் பல்லைக் கடிப்பீர்கள்.

ஒன்று சொல்லவேண்டும் அத்தை. முதல் டிராக்டர் எரு அங்கே விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. தண்ணீர் தப்பித்தது என்ற சந்தோஷமா, வேறு சந்தோஷமா? நானும் கிளறிக் கிளறிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஊர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று குப்பைக் கார்த்திகை. தீபத்துக்கு மறுநாள் குப்பை மேட்டில் அகல் வைக்கிற நாள். அந்த விளக்கை மட்டும் நீங்கள் ஒரு வருஷம்கூட என்னிடம் கொடுத்ததில்லை. "வூட்டு வெளக்கெல்லாம் நீ வெச்சுக்கோ, குப்ப வெளக்கு நான் உயிரோட கீற வரைக்கும் நான்தான் வெப்பேன்" என்பீர்கள். போன வருஷம் துக்கத்தில் பண்டிகை இல்லை. நேற்று சாயங்காலம் அகலும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனால், எனக்கு முன்னால் அண்ணி அங்கே நின்றுகொண்டிருக்கிறார். அம்மாவுக்கு விளக்கு வைக்க வந்தாராம்.

உங்கள் தலைமாட்டில் அண்ணி நட்ட நந்தியாவட்டை ஞாபகம் இருக்கிறதா? அந்த மண்ணில் அது வெறும் குச்சியாகவே நின்றது. நேற்றுப் பார்த்தால் இலை கருகருவென்று, செடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார்.

"அம்மா ஒத்துக்கினாங்க கோமதி. பாரு, பூவா பூத்து சொல்லிட்டாங்க. நான்தான் உன்ன கண்டபடி பேசிட்டேன்."

எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே கீழே பார்த்தேன். செடியைச் சுற்றி மண் கறுப்பாக ஈரமாக இருந்தது. மழை விட்டுப் பல நாள் ஆகிறதே, ஈரம் எப்படி வந்தது? கண்ணாலேயே தொடர்ந்து போனேன். எருச் சுவரின் மூலையில், கல்லுக்கு அடியில், பெருச்சாளி வளை போட்டிருக்கிறது. அதன் வழியாகக் கறுப்புத் தண்ணீர் கசிந்து, உங்கள் செடியைத் தொட்டுக்கொண்டு கீழே கால்வாய்ப் பக்கம் போகிறது. கால்வாய் ஏரிக்குப் போகும். ஏரியின் ஊற்றுதான் திரும்ப நம் கிணற்றுக்கு வருகிறது.

நான் கொண்டுபோன அகலை எருச் சுவரின் மேல் ஏற்றிவைத்தேன். அண்ணி உங்களுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து பவித்ராவுக்கு ஊட்டிவிட்டு, தானும் வயிறாரச் சாப்பிட்டார். உங்கள் பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். "மழைக்கு பூத்திருக்கும், வுடு" என்கிறார். இனி நான் எதை நம்புவது? அது உங்கள் சம்மதமா, மழையா, பெருச்சாளி செய்த வேலையா? அண்ணியிடம் உண்மையைச் சொல்லவா, இத்தனை நாள் கழித்துக் கிடைத்த சமாதானத்தைக் கெடுக்காமல் இருக்கவா? நீங்கள் இருந்தால் இரண்டில் எதைச் செய்தாலும் திட்டுவீர்கள். திட்டாவது ஒரு பதில்.

இன்று காலை அண்ணி எழுவதற்குள் போய் வளையைத் தோண்டி, கல்லும் களிமண்ணும் போட்டு இறுக்கி அடைத்துவிட்டேன். அடைக்கும்போது உங்கள் வாய்க்குப் போகிற சோற்றைப் பிடுங்குவதுபோல இருந்தது. இந்தச் செடி இனி வாடிப்போனால் அண்ணிக்கு என்ன சொல்வேன்?

அப்புறம் சுவருக்கு உள்ளே இறங்கி, அடியில் நன்றாக மக்கி மண் வாசனை வந்துவிட்ட எருவை ஒரு கூடை அள்ளினேன். செடியைச் சுற்றிக் கொத்தி, போட்டு, மண்ணால் மூடினேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணி பின்னால் நிற்கிறார். கூடையைப் பார்த்தார், அடைத்த மூலையைப் பார்த்தார், என் சேற்றுக் கையைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இந்தப் பக்கம் கொஞ்சம் கொறைவா கீது" என்று தானும் ஒரு கை அள்ளிப் போட்டார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுப் பூத்தது உங்கள் பதிலா என்று இனிமேல் கேட்கமாட்டேன் அத்தை. எருத்தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே கசியாமல் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் செடிக்கு வேண்டியதை என் கையால் சுமந்து வந்து போடுகிறேன். தையில் குழந்தை பிறந்து, கிணற்றுத் தண்ணீரை மறுபடி சோதித்து, நல்லது என்று அந்தப் பெண் சொல்கிற அன்று முதல் சொம்பு உங்களுக்குத்தான்.

நீங்கள் கொடுக்காமலே போன குப்பை விளக்கைத் தானே எடுத்துக்கொண்ட
உங்கள் மருமகள்,
கோமதி