ஓரத்தில் நிற்கும் அணு

அல்புகெர்க்கி, அமெரிக்கா, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. நிக்கல் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் விசைக்குக் கணினியில் நான் எழுதிய சூத்திரம், ஒவ்வொரு அணுவையும் பன்னிரண்டு அணுக்கள் சூழ்ந்திருக்கும் உலோகத்தின் உள்ளே கச்சிதமாகப் பொருந்தியது. அதையே மேற்பரப்பில் போட்டதும் ஓரத்து அணுக்கள் பிய்த்துக்கொண்டு பறந்தன.

பக்கத்து மேசை டார்லீன் சிரித்தாள். "சுத்தி பன்னெண்டு பேர் இருக்கறவனுக்கு அளவெடுத்துட்டு, ஓரத்துல தனியா நிக்கறவனுக்கும் அதையே மாட்டினா நிப்பானா, ஆரின்?"

நானும் சிரித்தேன். மூன்று வருட வேலை. அதைத் திருத்துவதற்கு என் வேலை ஒப்பந்தத்தில் நாள் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை நம் வீட்டில் மீன் வறுவலுக்கு எல்லாரும் உட்காரும்போது, எனக்குப் போன் போட்டு மேசையில் வைத்துவிடுங்கள். யாரும் பேச வேண்டாம். தட்டுச் சத்தம் கேட்டால் போதும்.

பேருந்து வந்துவிட்டது.

ஆரின்