பதினைந்து எண்ணும் வரை

திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அப்பாவின் இருமல் விட்டுவிட்டது. தொண்டை சரியானதும் பழையபடி பாட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்கிறது, அப்பாவுக்குக் கேட்பதில்லை. உன் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரும் அந்த வீட்டாரும் உன்னிடம் அன்பாகத்தானே இருக்கிறார்கள்?

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெரியவரின் மகன் உன்னை இன்னும் மூன்று வருடம் அங்கேயே வேலையில் இருக்கச் சொல்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். போனில் கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை அம்மா. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா வேறு எங்கோ போகிறது. இன்றும் அப்படித்தான்.

எங்கள் அலுவலகத்திலிருந்து எங்களை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு குழந்தையை யாரிடம் விடுவது என்று நீதிமன்றம் யோசிக்கும்போது பெற்றவர்களுக்கு ஒரு வக்கீல் இருப்பார், குழந்தை நலத்துறைக்கு ஒருவர் இருப்பார், குழந்தைக்கென்று என்னைப் போல ஒருத்தி இருப்பாள். நாலு வருடமாக இதைத்தான் செய்கிறேன், எனக்கு யார் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் போனேன். மூன்றாம் மாடியில் ஒரு ஹால். ஏசி ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது. பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினோம், மீதிப் பேர் குறிப்பேட்டால் விசிறிக்கொண்டார்கள்.

வகுப்பெடுக்கும் அம்மாள் முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர். வந்ததும், “நான் வக்கீல் இல்லைங்க. நீங்க பேசுனதை எல்லாம் முப்பது வருஷம் உக்காந்து கேட்டவ. அந்தத் தண்டனையை அனுபவிச்சதுதான் என் தகுதி” என்றார். ஹால் சிரித்தது. அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான்.

நாங்கள் குழந்தைகளிடம் பேசுவதைப் பதிவு செய்வோம், டைப்பிஸ்ட் அதைத் தாளில் ஏற்றித் தருவார். அதில் ஒன்றைப் பெயர்களை அடித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தக் கேள்விக்குள் பதிலும் சேர்ந்தே இருக்கிறதோ, அதன் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும். என் தாள் போனது, எல்லோரும் ‘மைக்’ என்று கூப்பிடும் ஒரு வக்கீலிடம். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை என்பதால் அந்தப் பெயர். முப்பத்து நாலு கேள்வியில் இருபத்தொன்பதுக்குக் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். “மேடம், கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. பாப்பா எதுக்கு வந்துச்சு, தலையாட்டவா?” என்று ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு தேநீர் இடைவேளையில் படிக்கட்டில் போய் நின்று அந்தத் தாளை முதலிலிருந்து படித்தேன். சிரிப்பு வரவில்லை.

அந்தக் குழந்தையின் பெயரை எழுதக் கூடாது, உனக்குத் தெரியும். முன்பல் இரண்டும் பெரிதாக இருக்கும், பிஸ்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தின்பாள். அணில் என்று வைத்துக்கொள். ஒன்பது வயது. அவள் அம்மா வேலைக்காக வெளியூர் போய், இரண்டு நாள் இவளைப் பூட்டிய வீட்டில் தனியாக விட்டுவிட்டாள். யாரோ புகார் செய்து, அணில் இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறாள்.

தாளில் இப்படி இருக்கிறது. “பெரியம்மா உன்னை நல்லாப் பாத்துக்கறாங்க இல்ல?” தலையாட்டினாள் என்று ஓரத்தில் நானே பேனாவால் குறித்திருக்கிறேன். “இங்க பயம் ஒண்ணும் இல்லையே?” தலையாட்டினாள். “அப்ப இங்கயே இருந்தா உனக்குச் சந்தோஷம்.” “ம்.”

அந்த ஒரு ‘ம்’தான், “குழந்தை பெரியம்மாவுடன் வாழ விரும்புகிறாள்” என்று என் வாயால் நீதிமன்றத்துக்குப் போனது. அவளே சொன்னதாக நீதிபதி உத்தரவில் எழுதினார். அடுத்த செவ்வாய்க்கிழமை மறு விசாரணை. அந்த ஒரு வரியை வைத்து, பதினெட்டு வயது வரை அவள் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாகப் போகிறது.

ஒருவேளை அவளுக்கு அதுதான் விருப்பமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை அம்மா. கேட்டது நான், ஆனால் எனக்குத் தெரியவில்லை.

உன் மகள்


சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

திங்கட்கிழமை எழுதியதை இன்னும் தபாலில் போடவில்லை. இதையும் அதே உறையில் வைக்கிறேன். அப்பா தானே துணி தேய்க்கக் கற்றுக்கொண்டார், என் ஒரு சட்டை இப்போது கைக்குட்டையாகப் பயன்படுகிறது. மற்றபடி நலம்.

பயிற்சி நேற்று முடிந்தது. போனபோது இருந்ததைவிடக் குழப்பமாக வெளியே வந்தேன். குழந்தை எதைக் கேட்கிறதோ அதைச் சொல்வதுதான் எங்கள் வேலை என்று பாதி ஹால், குழந்தைக்கு எது நல்லதோ அதைச் சொல்ல வேண்டும் என்று மீதி ஹால். மைக் எழுந்து, “என் பொண்ணு மூணு வேளையும் ஐஸ்கிரீம் போதும்ங்கறா. அதையும் கோர்ட்ல சொல்லணுமா?” என்று கேட்டார். “சொல்லுங்க. நீதிபதி பல் டாக்டரை வரச் சொல்வாரு. அது அவர் வேலை” என்றார் அந்த அம்மாள். இடைவேளையில் அவரைப் பிடித்து என் விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். “நீங்க என்ன நெனைக்கறீங்க?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

எங்கள் அலுவலக சீனியர் இன்னும் தெளிவாகச் சொன்னார். “நல்ல வீடு கெடச்சிருக்கு. சாப்பாடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. நீ போயி, நான் தப்பாக் கேட்டுட்டேன்னு கோர்ட்ல நின்னா உன் பேரும் போகும், அந்தப் பொண்ணு வீடும் போகும். எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?” அவர் கெட்டவர் இல்லை. அவர் சொல்வதில் பாதி எனக்கே சரி என்று படுகிறது.

இன்று காலை அணிலின் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, கொடியில் பள்ளிச் சீருடை, வாசலில் அணிலின் புது ஷூ. பெரியம்மா அவளையும் என்னையும் முன்னறையில் விட்டுவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பயிற்சியில் ஒன்று சொல்லித் தந்திருந்தார்கள். கேட்ட பிறகு மனதுக்குள் பதினைந்து எண்ண வேண்டும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கிறது. செய்து பார், ஏழுக்கு மேல் தாங்க முடியாது.

“காலைல எந்திரிச்சதுலேருந்து உன் ஒரு நாள் இங்க எப்படிப் போகும்னு சொல்லு” என்றேன். எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு வந்தபோது அவள் என்னைப் பார்த்து, “போன தடவ நான் சரியாச் சொன்னேனா?” என்று கேட்டாள்.

இதில் சரி, தப்பு எல்லாம் இல்லை என்றேன். “அப்புறம் ஏன் நான் தலையாட்டுறப்பல்லாம் நீங்க சிரிச்சீங்க?” என்றாள்.

எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகமே இல்லை அம்மா. அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. மைக்கின் சிவப்புப் பென்சிலுக்கும் அது அகப்படவில்லை.

பிறகு அவளாகவே பேசினாள். தனிக் கட்டில் பிடித்திருக்கிறதாம். அக்கா முறை ஆகும் ஒருத்தி கணக்குச் சொல்லித் தருகிறாளாம், குட்டுவாளாம், ஆனால் வலிக்காதாம். “இங்க எல்லாரும் என்கிட்ட மெதுவா பேசறாங்க. அம்மா கத்துவாங்க” என்றாள். நான் மனதுக்குள் ஒரு பக்கம் சாய்ந்தேன். உடனே, “அம்மா கத்துனா அப்புறம் தல பின்னி விடுவாங்க” என்றாள். மறுபடி மறுபக்கம் சாய்ந்தேன். நீதிபதியிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். பதினைந்து தாண்டி இருபத்தாறு வரை எண்ணினேன். “தெரியலன்னு சொல்லலாமா?” என்றாள், ரொம்ப மெதுவாக, சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு.

சொல்லலாம் என்றேன். அப்போது சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

உன் மகள்


செவ்வாய்க்கிழமை, மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

என் முறை வந்தபோது எழுந்து, ஆறு மாதத்துக்கு முன்பு குழந்தையின் விருப்பம் என்று நான் இங்கே சொன்னது என் கேள்விகளில் இருந்தது, அவளிடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது என்றேன். இப்போது கேட்டால் தெரியவில்லை என்கிறாள், அதையே அவள் பதிலாக ஏற்று அவகாசம் தர வேண்டும் என்றேன். நலத்துறை வக்கீல் எழுந்து, “தெரியலங்கறது எப்படிங்க ஒரு விருப்பம் ஆகும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டேன். இருபத்தொன்றில் பேசினார். மூன்று மாதம் தள்ளிவைக்கிறேன், அதுவரை குழந்தை பெரியம்மா வீட்டில் இருக்கட்டும், வாரம் இரண்டு முறை அம்மாவைப் பார்க்கட்டும், நீங்கள் மறுபடி கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். “இந்தத் தடவ நிதானமா” என்று சேர்த்துக்கொண்டார்.

ஜெயித்தது போல எழுதுகிறேனோ? வெளியே தாழ்வாரத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் என்னம்மா கொறை வெச்சேன்? சொல்லு, சரி பண்ணிக்கறேன்” என்று அழுதார். அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் அணிலின் அம்மா உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். எழுந்து வந்து, “பாப்பா என்னக் கேட்டாளா?” என்றாள். குழந்தை என்னிடம் தனியாகப் பேசியதை நான் பெற்றவளிடம் சொல்லக் கூடாது. நான் செய்தது அந்த மூன்று பேரில் யாருக்கு நல்லது என்று நீ கேட்டால், அணில் சொன்னதைத்தான் நானும் சொல்வேன்.

இனி உன் விஷயம்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். “உனக்கு அங்கே ஒரு குறையும் இல்லையே? நீதான் எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்வாயே, நான் இருந்துவிட்டு வரட்டுமா?” என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பத்து வயதில், நீ முதல்முதலாக வேலைக்குக் கிளம்பிய அன்று கேட்டதும் அநேகமாக இதேதான். பெட்டியின் ஜிப் மூடவில்லை என்று முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்து, “அம்மா போயிட்டுச் சீக்கிரம் வந்துடுவேன். நீ சமத்து, அழ மாட்ட இல்ல?” என்றாய். நான் தலையாட்டினேன். நீ சிரித்தாய். அந்த வாரம் முழுக்க நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ போகாவிட்டால் என் படிப்பு இல்லை, இந்தக் கறுப்பு அங்கி இல்லை. அன்று நீ வேறு மாதிரி கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். போகாதே என்றா, போ என்றா? பதினேழு வருடம் கழித்தும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லலாம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

அப்பாவிடமும் இன்று கேட்டேன். அம்மா அங்கே இருப்பதைப் பற்றி உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று. பாட்டை நிறுத்திவிட்டார். எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசியில், “அவளுக்கு எப்படி இருக்குன்னு நாம என்னைக்காவது கேட்டிருக்கமா?” என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்த உறையில் இருக்கும் முதல் கடிதத்தைத் திருப்பிப் படித்தேன். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நானே முடிவு செய்திருக்கிறேன். அந்த வீட்டார் அன்பாக இருக்கிறார்கள் என்பதையும் நானே சொல்லிவிட்டேன். போனிலும் இத்தனை வருடமாக அப்படித்தான் கேட்டிருக்கிறேன், நீயும் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறாய். அந்த இரண்டு வரிகளின் கீழே சிவப்புக் கோடு இருக்கும், பார்த்துத் திகைக்காதே. போட்டது நான்தான்.

அதனால் இப்போது சரியாகக் கேட்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து உன் ஒரு நாள் அங்கே எப்படிப் போகும் அம்மா? எனக்கு எழுது. அந்த மூன்று வருடத்தைப் பற்றி என்னையும் ஒரு தடவை இப்படிக் கேள்.

மாதக் கடைசி என்பது அவர்கள் வைத்த கெடு. எனக்கு அவசரம் இல்லை. படியில் இறங்கும்போது பார்த்து இறங்கு. தெரியவில்லை என்றும் எழுதலாம். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள்