பத்திரிகையோடு வீடு வீடாகப் போன பென் டிரைவ்

ஆனையூர், மதுரை
26.7.2008

அன்பு மருமகன் பூமிராஜாவுக்குத் தாய்மாமன் வெள்ளைத்துரை எழுதுவது. நானும் உன் அத்தை முத்துத்தாயும் உன் தங்கை செல்லக்கிளியும் இங்கே கல்லுக்குண்டாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க மீனாட்சி துணை. இந்த வீட்டில் உடம்புக்கு முடியாமல் கிடந்தது கம்ப்யூட்டர் மட்டும்தான். மாமா ஏன் மெயிலை விட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கினார் என்று நீ சிரிப்பது ஆனையூர் வரை கேட்கிறது. சிரி மாப்ள, பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவன் அல்லவா, ஆனால் உன் கம்பெனியில் ஒருத்தருக்கும் வராத வைரஸ் எட்டாம் வகுப்போடு நின்ற உன் மாமனைத் தேடித்தான் வந்தது, அதற்கும் ஆள் தராதரம் தெரியும்போல.

நடந்தது இதுதான். ஆவணியில் செல்லக்கிளி கல்யாணத்துக்கு மதுரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பிளக்ஸ் பேனர் வைக்க நினைத்தேன். நம் சொந்தத்தில் ஒரு முகம் விட்டுப்போனாலும் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், மொக்கையன் சித்தப்பா படத்தை ஒரு காதுகுத்துப் பேனரில் ஓரத்தில் போட்டதற்கு மனிதர் பந்தியில் கை நனைக்காமல் போனார். அதனால் பத்திரிகை வைக்கப் போன வீட்டிலெல்லாம் வெற்றிலைத் தட்டைக் கொடுத்த கையோடு பென் டிரைவையும் அவர்கள் கம்ப்யூட்டரில் சொருகி, எல்லோர் படத்தையும் வாங்கிக்கொண்டேன். இப்படி ஒரு யோசனை இந்த ஜில்லாவில் எவனுக்கும் வந்ததில்லை. அதில் எந்த வீட்டில் ஒட்டிக்கொண்டதோ தெரியாது, பென் டிரைவுக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் வந்து உட்கார்ந்திருந்தது, பார்த்தால் மஞ்சப்பை மாதிரியே இருந்தது. கல்யாண வீட்டுக்காரன் மஞ்சப்பையைப் பார்த்தால் திறக்காமல் இருப்பானா? திறந்தேன், ஒன்றும் வரவில்லை, வராததால் திரும்பத் திரும்பத் திறந்தேன். அது பையே இல்லையாம், பை வேஷம் போட்ட வைரஸாம்.

இது நம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அலங்காநல்லூரில் செல்லக்கிளியைக் கட்டப்போகிற நம் மாப்பிள்ளை கருப்பணராஜா நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டருக்கும் படம் வாங்கப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்களே என்று நானே ஸ்டைலாகச் சொருகி, அந்த மஞ்சப்பையையும் திறந்து காட்டினேன். அங்கே எல்லா மெஷினையும் ஒரே ஒயரில் கட்டியிருக்கிறார்கள், வைரஸ் வரிசையாக எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது. பிள்ளைகள் பரீட்சைக்குச் செய்து வைத்திருந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோனது. மறுநாள் சம்பந்தி போனில், கல்யாணத்துக்கு முன்னாலேயே எங்க கடையை மூட வச்சுட்டீகளே, இது என்ன சகுனம்னு தெரியலை, தேதியைக் கொஞ்சம் யோசிப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார். செல்லக்கிளி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் சும்மா இருப்பேனா? ஓசியில் கிடைத்த ஆன்டி வைரஸ் அத்தனையையும் ஒன்றாக ஏற்றினேன், அதுகள் வைரஸை விட்டுவிட்டு ஒன்றையொன்று பிடித்து அடித்துக்கொண்டன. ஏதோ ஒன்றைத் திறக்கப் போனால், நிர்வாகி தடை செய்திருக்கிறார் என்று இங்கிலீஷில் வருவதாகச் செல்லக்கிளி வாசித்தாள், இந்த வீட்டில் நிர்வாகி யார், உன் அத்தையைத்தான் முறைத்துப் பார்த்தேன். கடைசியில் தல்லாகுளத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டோம். பளிச்சென்று ஆனது. அந்தச் சந்தோஷத்தில் பேனர் படங்களைப் பார்க்கலாமே என்று அதே பென் டிரைவைச் சொருகினேன். அவ்வளவுதான், மஞ்சப்பை மறுபடியும் ஆஜர்.

அப்புறம்தான் மாப்பிள்ளையே வந்தார், அப்பாவுக்குச் சொல்லாமல். கம்ப்யூட்டரை அவர் தொடவே இல்லை, மாமா, இந்தப் பென் டிரைவு எம்புட்டு வீட்டுக்குப் போயிருக்கு என்றுதான் கேட்டார். ஏதோ ஒன்றிரண்டு என்று நான் இழுத்தேன். அடுப்படியிலிருந்து செல்லக்கிளி, பத்திரிகை வச்ச எல்லா வீட்டுக்கும் போயிருக்கு என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். அவர் காதுபட அவள் பேசிய முதல் பேச்சு அதுதான், மனுஷன் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். இங்கே மட்டும் துடைச்சா மறுபடி வரும், எல்லா வீட்டுலயும் துடைக்கணும் என்று சொல்லி என்னைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டார். பத்திரிகை வைத்த அதே வரிசையில் போனோம். நெட் ஒயரைப் பிடுங்கி, மெஷினை சேஃப் மோடில் எழுப்பி, மறைந்து கிடந்ததை வெளியே காட்டி அழித்து, சொருகியதும் தானாக ஓடுகிற வேலையையும் நிறுத்தினார். பக்கத்தில் நின்று வழி சொன்னது நான்தான் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு வீட்டிலும் புது மாப்பிள்ளையை விடுவார்களா, பணியாரம், சீயம், பருத்திப்பால் என்று திணித்துவிட்டார்கள். மொக்கையன் சித்தப்பாவே அலங்காநல்லூருக்குப் போன் போட்டு, இப்படி ஒரு புள்ளையைப் பெத்துட்டுச் சகுனம் பார்க்கிறீகளா என்று சம்பந்தியைப் பிடி பிடியென்று பிடித்தாராம். சென்டரிலும் மறைந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. சம்பந்தி இறங்கி வந்தார், ஆனால் மனிதருக்கு வீம்பு போகவில்லை, பொண்ணோட அண்ணன் நேர்ல வந்து மாலை போட்டு எம்மகனை அழைச்சா தேதி நிக்கும், இல்லாட்டி நிக்காது என்கிறார்.

அதனால் மாப்ள, அத்தை பருப்புப்பொடியோடு மஸ்கட்டுக்குத் திரும்பிய சேக் மைதீன் பாய் கையில் கொடுத்துவிட்ட போட்டோ சிடியை லேப்டாப்பில் போடாதே, அதுவும் வைரஸ் இருந்தபோது இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுதான். போட்டிருந்தால் இன்னும் நல்லது, இதை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லி லீவு வாங்கு, மாப்பிள்ளை துடைத்துத் தருவார். யார் கொடுத்த பென் டிரைவானாலும் சோதிக்காமல் திறக்காதே, ஆன்டி வைரஸ் ஒன்றுக்கு மேல் வைக்காதே, இரண்டும் என் கண்டுபிடிப்பு. உனக்கும் உன் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். டிக்கெட் போட்டதும் போன் செய். பேனர் தயார், தாய்மாமன் படம் நியாயப்படி பெரிதாக இருக்கிறது. உன் படத்தை மட்டும் செல்லக்கிளி எடுக்கச் சொல்லிவிட்டாள், படம் இருந்தா வந்த மாதிரியேன்னு அண்ணன் அங்கேயே இருந்துக்கிரும் என்கிறாள்.

வைரஸை வென்ற உன் தாய்மாமன்,
வெள்ளைத்துரை